விமானத்துக்குள் நெடி அடித்தால் என்ன செய்வது?

சேலத்திலிருந்து ஆத்தூர் சாலையில் பஸ்ஸில் போனவர்களுக்கு ஜவ்வரிசி ஆலை வாடை பழக்கம். மரவள்ளிக் கிழங்கு அரைத்த தண்ணீர் தங்கிப் புளித்த நாற்றம் அது. ஜன்னலைச் சாத்தினால் குறையும், ஆலையைத் தாண்டினால் போய்விடும். ஏற்காடு மலைப்பாதையில் முன்னால் ஒரு லாரி திணறிக்கொண்டு ஏறினால் அதன் புகை நம் காருக்குள் வரும். ஏசியில் வெளிக்காற்றை அடைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு அதை முந்தும்வரை காத்திருக்கலாம்.

விமானத்தில் இந்த இரண்டுக்கும் வழியில்லை. ஜன்னல் எப்போதும் சாத்தித்தான் இருக்கும், திறக்கவும் முடியாது. வெளிக்காற்றை முழுதாக அடைத்துவிட்டால் கேபினுக்குள் அழுத்தமே நிற்காது. அதனால் உள்ளே ஒரு நெடி கிளம்பினால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். அடைக்கும் சுவிட்ச் பைலட் கையில் இருக்கிறது. ஆனால் பதினெட்டாம் வரிசையில் அடிக்கும் நெடி பைலட் அறைக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். பெரும்பாலான பயணிகள் விமானங்களில் இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவியும் கிடையாது. பயணிகள், பணியாளர்கள் மூக்குதான் கருவி. ஆகவே என்ன வாடை, எப்போது, எந்த இடத்தில் என்று சரியாகச் சொல்லத் தெரிந்த பயணி அந்த விமானத்துக்கே உதவியாக இருப்பார். அதற்கு முதலில் அந்தக் காற்று வரும் பாதை தெரிய வேண்டும்.

காற்று எங்கிருந்து வருகிறது

பத்து கிலோமீட்டர் உயரத்தில் வெளியே குளிர் மைனஸ் 50 டிகிரி. மூச்சு விடப் போதாத அளவுக்குக் காற்று மெலிந்திருக்கும். அதை அமுக்கித்தான் உள்ளே விட வேண்டும். விமான இன்ஜினுக்குள் ஏற்கெனவே ஒரு பெரிய கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது. எரிபொருள் கலப்பதற்கு முந்தைய கட்டத்திலேயே அதிலிருந்து குழாய் போட்டுக் கொஞ்சம் காற்றை எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு ‘ப்ளீட் ஏர்’ என்று பெயர். ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் வரும் இந்தக் காற்றை ‘பேக்’ என்ற குளிர்விக்கும் பொறி ஆற்றி, கேபினுக்கு ஏற்ற பதத்துக்குக் கொண்டுவரும்.

பெரும்பாலான ஜெட் விமானங்களில் இப்படி வரும் வெளிக்காற்று பாதி. மீதிப் பாதி, கேபினிலிருந்தே இழுத்து ஹெபா ஃபில்டரில் வடிகட்டித் திருப்பி அனுப்பிய காற்று. இரண்டும் கலந்து தலைக்கு மேலுள்ள இடுக்குகள் வழியாக இறங்கி, காலடியில் பக்கச் சுவரோரம் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். மேலிருந்து கீழே போகும் ஓட்டம் இது. முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குக் காற்று அதிகம் நகராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளே இருக்கும் அழுத்தம் கடல் மட்டத்தின் அழுத்தம் அல்ல. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி, ஊட்டி 7,350 அடி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைப்பதும் விமானம் ஏறும்போது காது அடைப்பதும் ஒரே காரணத்தால்தான். லேசான தலைவலியும் அசதியும் வறண்ட தொண்டையும் எந்தக் கெட்ட காற்றும் இல்லாமலேயே இந்த உயரத்தாலும், 10–20 சதவீதமாகக் குறைந்துவிடும் ஈரப்பதத்தாலும் வரலாம். தலைவலி வந்தவுடன் நெடிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹெபா ஃபில்டர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஃபில்டர் அது. தூசி, கிருமி, புகைத்துகள் எல்லாம் அதில் மாட்டும். ஆவியும் வாயுவும் மாட்டாது. டீ வடிகட்டியில் தூள் நிற்கும், மணம் நிற்காது அல்லவா, அதுபோல. ஆவியைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். சில விமானங்களில் அது உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. அதோடு, ஹெபா இருப்பது கேபினிலிருந்து திரும்பும் காற்றின் பாதையில். இன்ஜினிலிருந்து வரும் பாதையில் பொதுவாக ஃபில்டரே இல்லை.

எண்ணெய் எப்படிக் கலக்கிறது

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டிப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்ப்ரசரின் பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து வரும். அடித்த பெயின்ட்டில் மீன்கண் போலக் குழி குழியாக விழும். அதற்காகவே ஸ்ப்ரே துப்பாக்கிக்கு முன்னால் எண்ணெய், தண்ணீர் பிரிக்கும் ஒரு கிண்ணத்தை மாட்டியிருப்பார்கள். விமான இன்ஜினிலும் நடப்பது இதே விஷயம்தான், ஆனால் அந்தக் கிண்ணம் அங்கே இல்லை.

இன்ஜினின் தண்டு பேரிங்குகளில் சுழல்கிறது. பேரிங்குக்கு எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் பக்கத்திலுள்ள காற்றுப் பாதைக்குள் போகாமல் சீல்கள் தடுக்கின்றன. இவற்றில் பல, தண்டை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம் போன்றவை அல்ல. மெல்லிய இடைவெளியில் காற்றழுத்தம் எண்ணெயை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். அழுத்தம் சீராக இருக்கும்வரை வேலை நன்றாக நடக்கும். இன்ஜினைக் கிளப்பும்போதும், சட்டென்று வேகம் கூட்டும்போதும், இறங்குவதற்காகக் குறைக்கும்போதும் இந்தச் சமநிலை சற்று ஆடும். அந்தச் சில விநாடிகளில் துளி எண்ணெய் காற்றுப் பாதைக்குள் கசிந்து, அங்கிருக்கும் சூட்டில் ஆவியாகிவிடும். சீல் தேய்ந்திருந்தாலோ, எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ இது அதிகமாகும். சென்னையிலிருந்து வரும் விமானம் இறங்கத் தொடங்கி, சேர்வராயன் மலை ஜன்னலில் தெரிகிற நேரத்தில் திடீரென்று ஒரு வாடை வந்து ஓரிரு நிமிடத்தில் மறைந்தால், இன்ஜின் வேகம் குறைந்த கணத்தோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் வாடை என்றதும் கிரீஸ், மண்ணெண்ணெய் போல இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இருக்காது. விமான இன்ஜின் எண்ணெய் செயற்கை எஸ்டர் வகை. சூட்டில் அது சிதையும்போது கொழுப்பு அமிலங்கள் வெளிப்படும். அவற்றின் வாடை, நாள் முழுக்க ஷூவுக்குள் கிடந்த சாக்ஸின் வாடை. நனைந்த நாயின் வாடை என்று சொல்பவர்களும் உண்டு. ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரின் புளித்த நாற்றத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதல்ல, அங்கேயும் அமிலங்கள்தான் மூக்கைத் துளைக்கின்றன. விமானப் பணியாளர்கள் ‘டர்ட்டி சாக்ஸ் ஸ்மெல்’ என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். அவர்களிடம் அந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

சேலம் கமலாபுரம் நிலையத்துக்கு வந்துபோகும் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம் பற்றித் தனியாக ஒன்று. பெரிய ஜெட் விமானங்களின் வாலில் ஏபியு என்ற சிறு இன்ஜின் இருக்கும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் காற்றும் அதிலிருந்து வரும். ஏடிஆரில் அது இல்லை. வலப்பக்க இன்ஜினின் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, இன்ஜினை ஓடவிடும் ஏற்பாடு அதில் உண்டு. ‘ஹோட்டல் மோட்’ என்பார்கள். அப்போது காற்று பின்பக்கமிருந்து அடித்தால் இன்ஜின் புகை திரும்பி வரும். ஏறி உட்காரும்போது அடிக்கும் மண்ணெண்ணெய் நெடி பெரும்பாலும் இந்தப் புகைதான். பறக்கத் தொடங்கியபின் தானாகக் குறையும். போயிங் 787 இன்னொரு எல்லை. 2011-இல் பயணிகள் சேவைக்கு வந்த அந்த விமானம் கேபின் காற்றை இன்ஜினிலிருந்து எடுப்பதே இல்லை, தனி மின்சாரக் கம்ப்ரசர்கள் வெளிக்காற்றை நேராக இழுக்கின்றன. அதனால் இன்ஜின் எண்ணெய் கலக்கும் முக்கியமான வழி அதில் அடைபட்டுவிடுகிறது.

எந்த வாடைக்கு என்ன பொருள்

தமிழில் வாடை வேறு, நெடி வேறு. மிளகாய் வறுத்தால் வருவது நெடி. மூக்கோடு நிற்காமல் தொண்டையைப் பிடிக்கும், கண்ணில் நீர் வரவைக்கும். விமானத்திலும் இந்தப் பிரிவைப் பின்பற்றலாம். வெறும் வாடையைக் கவனிக்கலாம். நெடியாக மாறினால் உடனே சொல்ல வேண்டும்.

முதலில், பயப்பட வேண்டாத ஒன்று. ஈரமான நாளில், குறிப்பாகச் சென்னையில் ஏறும்போது, மேலிருக்கும் இடுக்குகளிலிருந்து வெண்புகை கொட்டும். இது புகை இல்லை. குளிர்காற்று பட்டு நீராவி நுண்துளிகளான பனிமூட்டம், மார்கழிக் காலையில் ஏற்காட்டில் பார்ப்பதுதான். கையை நீட்டினால் சில்லென்றிருக்கும், வாடை இருக்காது, சற்றுக் கீழே இறங்குவதற்குள் கரைந்துவிடும்.

புளித்த சாக்ஸ் வாடை இன்ஜின் எண்ணெய் அல்லது ஏபியு. கண்ணையும் தொண்டையையும் கடுமையாக அறுக்கும் காரநெடி, சக்கரம், இறக்கைப் பலகைகள் போன்றவற்றை அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் திரவமாக இருக்கலாம். கசிந்து ஏபியுவின் காற்று வாய்க்குள் போனால் கேபினுக்கு வந்துவிடும். இறைச்சி கருகிய வாடை புறப்பட்ட உடனே வந்தால் இன்ஜினுக்குள் பறவை போயிருக்கலாம். நடுவானில் வந்தால் பெரும்பாலும் உணவு சூடாக்கும் அடுப்பில் முன்பு சிந்தியது கருகுகிறது. இன்ஜினைத் தண்ணீரால் கழுவியபின் சரியாக வடியவிடாத விமானத்தில் முதல் பயணத்தின்போது சோப்பு கலந்த வாடை அடிக்கும்.

தாமதிக்கவே கூடாதவை இரண்டு. வயர் கருகும் வாடை, அதாவது மிக்ஸி மோட்டார் எரிந்தால் வருவது. மற்றொன்று பேட்டரி. நகப்பூச்சை அழிக்கும் திரவம் போல இனிப்பும் காரமும் கலந்த ஒரு மணம் இருக்கைப் பக்கமோ பையிலிருந்தோ வந்தால் பவர் பேங்க் அல்லது போனின் லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் சிதைகிறது என்று பொருள். இருக்கையைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ கூடாது; இடுக்கில் விழுந்த போன் நசுங்கித் தீப்பிடிக்கும். எழுந்து, பக்கத்தில் இருப்பவரையும் எழுப்பி, பணியாளரை அழையுங்கள்.

இடமும் நேரமும்

தலைக்கு மேலுள்ள சின்ன ஏசி மூக்கைத் திறந்து அதன் அருகில் ஒரு தடவை முகருங்கள். அங்கே வாடை அதிகமாக இருந்தால் அது வரும் காற்றிலேயே இருக்கிறது. அங்கே குறைந்து, பை வைக்கும் பெட்டியிலோ இருக்கைக்கு அடியிலோ அதிகமாக இருந்தால் ஊற்று கேபினுக்குள்ளேயே இருக்கிறது. காற்று மேலிருந்து கீழே ஓடுகிறது என்று பார்த்தோம். ஆகவே இரண்டு மூன்று வரிசைக்கு மட்டும் அடித்தால் பக்கத்தில் எதுவோ. ஒரே நேரத்தில் பத்து வரிசைக்கு அடித்தால் காற்றுக் குழாய்.

அடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். கேபின் காற்று மணிக்கு 20 முதல் 30 தடவை மாறுகிறது என்பார்கள். அதில் பாதி ஹெபா வழியே திரும்பிய காற்று. ஆவியைப் பொறுத்தவரை அது புதுக்காற்று ஆகாது. வெளிக்காற்றை மட்டும் எண்ணினால் 4 முதல் 6 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றில் எல்லாம் போய்விடாது, பழையதும் புதியதும் கலந்துதான் வெளியேறும். முதல் சுற்று முடிந்ததும் 37 சதவீதம் மிஞ்சும், மூன்றாவது முடிந்ததும் 5 சதவீதம். அதாவது ஊற்று நின்றுவிட்டால் 15 முதல் 20 நிமிடத்தில் நெடி ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் அதே அளவில் அடித்தால் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். இது காரணம் தேடுவதற்கான கணக்கு. சொல்வதற்கு 20 நிமிடம் காத்திருக்கச் சொல்லவில்லை, முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. மூக்கு பழகிவிடும். ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்பவருக்கு அந்த நாற்றம் தெரியாததுபோல, சில நிமிடத்தில் நமக்கும் தெரியாமல் போகும். அதனால் ‘இப்போது அடிக்கவில்லை’ என்பதை நம்பிவிடாமல், கழிவறைப் பக்கமிருந்து வரும் ஒருவரையோ வேறு பகுதியில் நின்ற பணியாளரையோ கேட்டுப்பாருங்கள்.

அழைப்புப் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘பன்னிரண்டாம் வரிசை, ஐந்து நிமிடமாக, மேலிருந்து வரும் காற்றில் டர்ட்டி சாக்ஸ் ஸ்மெல், எனக்குக் கண் எரிகிறது, பக்கத்து அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, பைலட்டிடம் சொல்லுங்கள்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இந்தத் தகவல் கிடைத்தால் பைலட்டுகள் செய்வது ஏறத்தாழ இப்படி: முதலில் தங்கள் ஆக்சிஜன் முகமூடியைப் போட்டு 100 சதவீத ஆக்சிஜனுக்கு மாறுவார்கள். விமானத்தை ஓட்டுபவர் தெளிவாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அடுத்து, இரு பக்கத்துக்கும் தனித்தனியாக உள்ள பேக்குகளில் ஒன்றை நிறுத்திப் பார்ப்பார்கள். நெடி குறைந்தால் அந்தப் பக்கத்து இன்ஜின் காற்றுதான் காரணம், அதை மூடிவிட்டு மறுபக்கக் காற்றில் பறக்கலாம். குறையவில்லை என்றால் மற்றதைச் சோதிப்பார்கள். எதற்கும் அடங்காவிட்டால் உயரத்தைக் குறைத்து அருகிலுள்ள நிலையத்தில் இறங்குவார்கள்.

முகமூடி, ஈரத்துணி

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. மேலிருந்து தொங்கும் மஞ்சள் ஆக்சிஜன் முகமூடி நெடிக்கானது அல்ல. அழுத்தம் குறையும்போது பயன்படுவதற்காகச் செய்தது அது. கேபின் காற்றையும் சேர்த்து இழுத்துக் கலக்கும் அமைப்பு அதில் இருக்கிறது. நெடியும் கூடவே வரும். தீ இருக்கும் இடத்தில் ஆக்சிஜனைத் திறந்துவிடுவது ஆபத்தும்கூட. ‘முகமூடியை ஏன் இறக்கவில்லை’ என்று பணியாளரிடம் சண்டை போடுவதில் நேரம்தான் போகும்.

என்95 முகக்கவசம் துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அந்த ‘என்’ என்ற எழுத்தே எண்ணெய்த் துளிகளைத் தாங்காது என்பதற்கான குறி. கார்பன் படலம் வைத்த முகக்கவசம் கொஞ்சம் வாடையைக் குறைக்கும். எண்ணெய் கருகும்போது உண்டாகக்கூடிய, மணமே இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை இவற்றில் எதுவும் நிறுத்தாது. ஈரக் கைக்குட்டை கரித்தூளைத் தடுக்கும், நீரில் கரையும் காரவாயுவை ஓரளவு உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் புகை இருந்தால் அதைக் கட்டிக்கொண்டு தலையைத் தாழ்த்தி உட்காருங்கள். எண்ணெய் ஆவிக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

காலி இருக்கை இருந்தால் பணியாளரைக் கேட்டு நெடி குறைந்த பகுதிக்கு மாறுவது இவை எல்லாவற்றையும்விட நல்லது. குழந்தையோடு இருப்பவரும் கர்ப்பிணிகளும் முதலில் மாற வேண்டும். கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் இருமினாலோ வாந்தி எடுத்தாலோ அதையே அறிகுறியாகக் கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை மேலே பெட்டியில் வைக்காமல் சட்டைப் பையிலோ முன் இருக்கைப் பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்புக்கு என்ன செய்யும்

பெரும்பாலோருக்குக் கண் எரிச்சல், இருமல், தலைவலி, குமட்டல் வந்து சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அச்சம் வருவது வேறொரு பொருளால். இன்ஜின் எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்க ஏறத்தாழ 3 சதவீதம் ட்ரைக்ரெசில் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். அதன் ‘ஆர்த்தோ’ வகை நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. 1988-இல் கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் இது கலந்த கடுகெண்ணெய் வகையைச் சமையலுக்குப் பயன்படுத்திய நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கால் விளங்காமல் போனது. ஆனால் அவர்கள் அதைச் சாப்பிட்டார்கள். இன்றைய விமான எண்ணெயில் அந்த ஆர்த்தோ வகை மிகவும் குறைக்கப்பட்டுவிட்டது, கேபினில் சுவாசிக்கும் அளவும் சிறிது. இன்னொரு பக்கம், திரும்பத் திரும்ப இந்தக் காற்றைச் சுவாசிக்கும் பைலட்டுகளும் பணியாளர்களும் நீடித்த நரம்புக் கோளாறு வருவதாகச் சொல்கிறார்கள். 1999 முதல் ‘ஏரோடாக்சிக் சிண்ட்ரோம்’ என்ற பெயர் வழங்குகிறது. காரண-காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று பிரிட்டனின் நச்சியல் குழு 2007-லும் 2013-லும் சொன்னது. நிறுவப்படவில்லை என்பதற்கு இல்லை என்று பொருளல்ல. தினமும் பறப்பவர்களின் முறையீட்டைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எப்போதாவது பறக்கும் பயணி ஒருமுறை அடித்த வாடைக்காக இரவெல்லாம் தூங்காமல் இருக்கவும் தேவையில்லை.

இறங்கிய பின்னும் தலைச்சுற்றல், குழப்பம், நெஞ்சு இறுக்கம், கை கால் மரத்தல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று திரும்பிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே காட்டும். கேட்க வேண்டியது, ரத்தத்தில் அந்த வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் கார்பாக்ஸிஹீமோகுளோபின் பரிசோதனை. சாதாரணக் காற்றில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகிவிடும். மறுநாள் எடுத்தால் எதுவும் தெரியாது. பூச்சிமருந்து நஞ்சுக்குப் பார்க்கும் கோலினெஸ்டரேஸ் பரிசோதனை நம் பக்கத்து மருத்துவர்களுக்கு நன்கு பழக்கம், அதையும் எடுக்கச் சொல்லலாம். ஆனால் ஆளுக்கு ஆள் அதன் அளவு மாறுபடும், ஒரே ஒரு முடிவை வைத்து எதையும் உறுதிப்படுத்த முடியாது.

புகாரை எழுத்தில் கொடுங்கள்: முதலில் விமான நிறுவனத்துக்கு, பதில் திருப்தியாக இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில். விமான எண், தேதி, இருக்கை எண், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது விமானம் ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா, என்ன வாடை, யார் யாருக்கு என்ன ஆனது என்பவை இருக்க வேண்டும். இவற்றோடு விமானத்தின் பதிவெண்ணையும் சேர்த்தால் புகாருக்கு வலு கூடும். பின்பக்க உடலில் ‘விடி’ என்று தொடங்கி ஐந்து எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கும். படிக்கட்டில் இறங்கி நடக்கும்போது ஒரு படம் எடுத்தால் போதும், எடுக்க அனுமதி உள்ள இடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விமான எண் தினமும் வேறு விமானத்துக்குப் போகும், பதிவெண் மாறாது. அதை வைத்துத்தான் பராமரிப்புப் பொறியாளர் அந்த இன்ஜின் போன வாரம் எவ்வளவு எண்ணெய் குடித்தது, இந்த வாரம் எவ்வளவு குடிக்கிறது என்று ஏட்டைப் புரட்டிப் பார்த்து, எந்த சீல் தேய்கிறது என்று தேடத் தொடங்குவார்.